ஆறு துளையும் இருபத்துநான்கு துளையும்

எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் குடியிருக்கும் கணித ஆசிரியை, சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தம் மகனின் தோளில் ஒரு கணினிப் பெட்டியை ஏற்றிவிட்டு, அதன் வயர்களைச் சுருட்டித் தம் கையில் பிடித்தபடி எங்கள் வாசலில் வந்து நின்றார். "தம்பி, நேற்றிரவு கரண்ட் ரெண்டு மூண்டு தரம் போய்ப் போய் வந்தது. அதுக்குப் பிறகு இது எழும்பவே இல்லை. பிள்ளையளின்ர பேப்பர் எல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு" என்றார். சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவர்களுக்காக அவர் பல வருஷங்களாக ஒவ்வொன்றாகத் தட்டச்சுச் செய்து சேர்த்த வினாத்தாள்கள் அவை. "வையுங்க டீச்சர், பாப்பம்" என்று மேசையைத் துடைத்து இடம் பண்ணினேன். அந்த மேசையின் மேல் அடுத்த மூன்று வாரங்களில் நான் கற்றுக்கொண்டது கணினியோடு நின்றுவிடும் விஷயமாகத் தோன்றவில்லை. ஆதலால் அதைச் சற்று விஸ்தாரமாகவே எழுதிவைக்கிறேன்.

அந்தக் கணினி ஏதோவொரு தேசத்தின் ஏதோவொரு காரியாலயத்தில் சில வருஷம் உழைத்துக் களைத்து, கப்பலேறிக் கொழும்புக்கு வந்து, இரண்டாவது ஆயுளைத் தொடங்கிய வகையைச் சேர்ந்தது. இத்தகைய பாவித்த யந்திரங்கள் நம் வீடுகளில் பெருகியதற்குக் காரணம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2022 மார்ச் ஆரம்பத்தில் டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக நின்ற விலை இரண்டே மாதத்தில் 350-ஐத் தாண்டியது. அந்த மார்ச் முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. புதிய கணினி வாங்கும் எண்ணத்தை அப்போது கைவிட்ட குடும்பங்கள் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும், புறக்கோட்டையிலும், தெரிந்தவர் மூலமாகவும் பாவித்த பெட்டிகளைத் தேடிப் போயின. அவை நன்றாகவே உழைக்கின்றன. பெரிய ஸ்தாபனங்களுக்கென்று கட்டப்பட்டவை என்பதால் உறுதியும் அதிகம். ஆனால் அவற்றுள் பலவற்றில் ஒரு பிரத்தியேக குணம் உண்டு. அது மூடியைத் திறக்கும் வரை தெரிவதில்லை.

திறந்தேன். பவர் சப்ளையிலிருந்து கருகிய மணம் வந்தது. அதனுள்ளே கைவைப்பதில்லை என்பது என் நீண்டகால நியமம். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். புதிது ஒன்றை வாங்கி மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துத் தாய்ப்பலகையைப் பார்த்தேன். வழக்கமான கணினியில் பன்னிரண்டு பன்னிரண்டாக இரு வரிசைகளில், மொத்தம் இருபத்துநான்கு துளைகளோடு அகன்று நீண்டிருக்க வேண்டிய பிரதான இணைப்பு அங்கே இல்லை. அதற்குப் பதில் ஆறே ஆறு துளைகள். புரொசெசருக்கு அருகில் தனியே நான்கு. கடைகளில் கிடைக்கும் எந்தப் பவர் சப்ளையின் பிரதான வயரும் அந்த ஆறு துளைகளில் நுழையாது.

இருபத்துநான்கு துளை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் மேலே செல்வது முறையாகாது. 1995-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்ற நியமத்தை வெளியிட்டது. பெட்டியின் அளவு, திருகுத் துளைகளின் இடம், பவர் சப்ளையின் வடிவம், வயர்களின் ஒழுங்கு ஆகிய எல்லாவற்றையும் அது வரையறுத்தது. முதலில் இருபது துளைகள். 2003-ஐ அண்டி அவை இருபத்துநான்காயின. வயர்களின் நிறங்களுக்கும் அர்த்தம் உண்டு. செம்மஞ்சள் நான்கும் 3.3 வோல்ட், சிவப்பு ஐந்தும் 5 வோல்ட், மஞ்சள் இரண்டும் 12 வோல்ட், நீலம் ஒன்று மறை 12 வோல்ட், கறுப்பு எட்டும் நிலம். இவற்றுக்கு இடையில் மூன்று ஒற்றை வயர்கள் மிக நுட்பமான காரியம் பார்க்கின்றன. ஊதா வயர், யந்திரம் அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்; பொத்தானை அழுத்துவதை உணர்வதற்காவது பலகைக்குச் சிறிதளவு உயிர் வேண்டுமல்லவா? பச்சை வயரைப் பலகை நிலத்தோடு சேர்த்தால், அதுவே "இனி முழுமையாக வேலை செய்" என்று பவர் சப்ளைக்குக் கொடுக்கும் சமிக்ஞை. எல்லா மின்னழுத்தங்களும் தத்தம் நிலைக்கு வந்து, ஒரு வினாடியில் பத்திலொரு பங்காவது நின்று நிதானித்த பிறகு, "எல்லாம் சரி, நீ தொடங்கலாம்" என்று சாம்பல் நிற வயர் பலகைக்குப் பதில் சொல்லும். துளைகளும் எல்லாம் ஒரே வடிவமல்ல. சில சதுரம், சில மூலை மழுங்கியவை, தவறான பக்கமாக நுழையவிடாமல் காப்பதற்கே இந்த ஏற்பாடு.

ஒருவரையொருவர் ஒருநாளும் சந்திக்காத இரண்டு மனிதர்கள், ஒருவர் பலகையையும் மற்றவர் பவர் சப்ளையையும் வெவ்வேறு நாடுகளில் செய்து, அவை இரண்டும் தெமட்டகொடையில் ஒரு மேசையின் மேல் முதல்முறை சேரும்போது பிழையில்லாமல் பொருந்துகின்றன என்றால், அதற்கு நியமம் என்ற பரஸ்பர வாக்குறுதியே காரணம். அந்த வாக்குறுதியை நாம் கவனிப்பதில்லை. மீறப்படும் வேளையில்தான் அதன் அருமை தெரிகிறது.

மீறல்கள் புதியவையும் அல்ல. 1984-இல் வந்த ஐபிஎம் ஏடி காலத்துப் பவர் சப்ளைகளில் பிரதான வயர் இரண்டு கட்டைகளாகப் பிரிந்திருந்தது. இரண்டும் ஒரே தோற்றம். இடம் மாற்றிக் கொளுவினால் பலகை போய்விடும். நடுவில் கறுப்போடு கறுப்பு சேர வேண்டும் என்பது அந்நாளைய திருத்துநர் எல்லாருக்கும் பாடம். 1990-களின் பிற்பகுதியில் டெல் நிறுவனத்தின் சில கணினிகளில் இன்னொரு வகை வந்தது. இணைப்பின் உருவம் ஏடிஎக்ஸ் உருவமே. ஆனால் உள்ளே எந்த வயர் எந்தத் துளையில் என்ற ஒழுங்கு வேறு. கடையில் வாங்கிய சாதாரணப் பவர் சப்ளை அதில் அழகாக நுழையும். மின்சாரம் கொடுத்தால் பலகையை அழிக்கும். நுழையாத இணைப்பு நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. நுழைந்துவிட்டு வேறு அர்த்தம் கொள்ளும் இணைப்போ நம் நம்பிக்கையையே கருவியாக்கிக் கெடுதி செய்கிறது. இரண்டில் முன்னதே நல்லது என்பேன்.

ஆயினும், நியமத்தை விட்டு விலகுவோர் எல்லாரும் பேராசையால் விலகுகிறார்கள் என்று தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. இன்றைய புரொசெசர் ஏறக்குறைய 1 வோல்ட்டில் இயங்குவது; அந்த 1 வோல்ட்டைப் பலகையே 12 வோல்ட்டிலிருந்து தயாரித்துக்கொள்கிறது. பலகையே அத்தனையையும் செய்யவல்லதாக இருக்கும்போது, பவர் சப்ளை மூன்று நான்கு மின்னழுத்தங்களைத் தனித்தனியே சுமந்துவருவது வீண் செலவும் வீண் வெப்பமும் ஆகும். காரியாலயக் கணினி செய்த நிறுவனங்கள் இதை முன்கூட்டியே உணர்ந்து 12 வோல்ட் ஒன்றையே பிரதானமாக வைத்தன. 2020-ஐ அண்டி இன்டெல் தானும் அதே கருத்தில், பத்தே துளைகளும் 12 வோல்ட்டும் மட்டுமே கொண்ட புதிய நியமத்தை முன்வைத்தது. ஆகவே என் மேசையிலிருந்த ஆறு துளைப் பலகை பின்தங்கியதன்று. தனக்கென்று ஒரு பாஷையை வகுத்துக்கொண்டது. அந்தப் பாஷை எனக்குத் தெரியவில்லை என்பதே பிரச்சினை.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அதற்கும் ஒரு வயர் கிடைத்தது. ஒரு முனையில் இருபத்துநான்கு, மறு முனையில் ஆறு. புதிய பவர் சப்ளையொன்றும் வாங்கிவந்து கொளுவினேன். கிளிக் என்ற சத்தத்தோடு ஆறு துளையும் பொருந்தின. பொத்தானை அழுத்தினேன். முன்பக்க விளக்கு ஒருமுறை மங்கலாக மினுங்கி அணைந்தது. மறுபடி அழுத்தினேன், அதுவும் இல்லை. விற்றவர் என்னை ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். அது வேறொரு ஆறு துளைப் பலகைக்கு நிச்சயம் பொருந்தும் வயர். என் பலகைக்கு உருவத்தால் பொருந்தியது, உள்ளடக்கத்தால் பொருந்தவில்லை.

மருதானைக்கும் பஞ்சிகாவத்தைக்கும் இடையில் ஒரு சந்துக்குள் கணினி திருத்தும் நானா ஒருவர் இருக்கிறார். வாகன உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன அந்த வட்டாரத்தில், ஒரு வண்டியின் பாகத்தை இன்னொரு வண்டிக்குப் பொருத்துவது அன்றாடக் கலை; நானாவிடமும் அந்தக் கலையின் பொறுமை உண்டு. நான் கொண்டுபோன வயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "தம்பி, வயர்ர நெறத்தப் பாத்துக் கொழுவ வாணாம். மீட்டர வச்சிப் பாருங்க. நல்ல மெஷின் ஒண்டு என்கிட்ட ஈக்குது, அத்தோட கேட்டுப் பாப்பம்." அதே வகைக் கணினி ஒன்று, குணமாகி, உரியவருக்காகக் காத்திருந்தபடி அவர் கடையில் ஓடிக்கொண்டிருந்தது.

இயங்கும் யந்திரத்திடம் கேட்பது என்ற அந்த எண்ணமே எனக்குப் பெரிய உபகாரமாயிற்று. மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பெட்டியின் உலோகத்தில் பிடித்து, சிவப்பு முனையை ஆறு வயர்களின் பின்புறத்தில் ஒவ்வொன்றாக நுழைத்து, முதலில் யந்திரம் அணைந்திருக்கையிலும் பிறகு ஓடுகையிலும் வாசித்தோம். நானா வாசிக்க, நான் ஒரு பழைய பில்லின் பின்புறத்தில் எழுதினேன். இரண்டு முனைகள் எப்போதும் பூச்சியம், அவை நிலம். ஒன்று அணைந்திருக்கையில் பூச்சியமாகவும் ஓடுகையில் 12 ஆகவும் இருந்தது. அது பிரதான மின்சாரம். ஒன்று அணைந்திருக்கையில் உயர்ந்து நின்று, பொத்தானை அழுத்தியதும் பூச்சியத்துக்கு விழுந்தது. பச்சை வயரின் வேலையை அது செய்கிறது. இன்னொன்று எல்லாம் எழும்பிச் சற்றுப் பொறுத்து 5 வோல்ட்டுக்கு உயர்ந்தது; அது சாம்பல் வயரின் வேலை. ஆறாவதில் முனையை வைத்ததும் நானா ஒன்றும் பேசாமல் மீட்டரின் முகத்தை என் பக்கம் திருப்பினார். யந்திரம் அணைந்திருந்தது. மீட்டர் 12.08 காட்டிற்று.

உறங்கும் வேளையிலும் 12 வோல்ட் கேட்கும் பலகை அது. ஏடிஎக்ஸ் பவர் சப்ளையின் ஊதா வயரோ உறங்கும் வேளையில் கொடுப்பது 5. நான் வாங்கிய வயரில் ஊதா நேராக அந்த ஆறாவது துளைக்குப் போயிற்று. பன்னிரண்டுக்குக் காத்திருந்த பலகை ஐந்தைப் பெற்று, விழிக்க முயன்று, முடியாமல் அணைந்தது. ஓடும்போது 12 வோல்ட் தரும் மஞ்சள் வயரை அங்கே கொடுக்கலாமே என்று தோன்றலாம். ஆனால் பலகை விழித்துக் கட்டளையிட்ட பிறகே மஞ்சள் வயரில் மின்சாரம் வரும். விழிக்கவே 12 வேண்டும். முட்டையா கோழியா என்ற பழைய கேள்விதான்.

இங்கே என் ஊரின் ரயில் பாதை எனக்கு ஞாபகம் வந்தது. 1902-இல் அவிசாவளை வரை திறக்கப்பட்ட களனிவெளிப் பாதை இரண்டரை அடி அகலமுள்ள குறும்பாதை. எங்கள் பேஸ்லைன் வீதியருகே அதன் நிலையமொன்று இன்றும் உண்டு. தெமட்டகொடை நிலையத்தின் வழியாகச் செல்லும் பிரதான பாதையோ ஆரம்பம் தொட்டு ஐந்தரை அடி. இரண்டும் தண்டவாளமே, இரண்டிலும் ஓடுவது ரயிலே, ஆயினும் ஒன்றின் சக்கரம் மற்றதில் ஓடாது. 1990-களில் களனிவெளிப் பாதை அகலமாக்கப்படும் வரை அந்தப் பேதம் நீடித்தது. அகலம் வேறான இரு பாதைகள் சந்திக்கும் இடத்தில் யாராவது ஒருவர் நின்று, ஒரு வண்டியின் சுமையை மற்ற வண்டிக்கு மாற்றியே ஆகவேண்டும். ஐந்து வோல்ட்டும் பன்னிரண்டு வோல்ட்டும் சந்திக்கும் இடத்திலும் அப்படி ஒரு சுமையாள் வேண்டும்.

அந்தச் சுமையாள், விரலிரண்டு அகலமுள்ள ஒரு சிறு மின்தட்டு. குறைந்த மின்னழுத்தத்தை வாங்கி உயர்த்திக் கொடுக்கும் எக்ஸ்எல் 6009 வகை மொட்யூல் முதலாம் குறுக்குத் தெருவில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் இயற்கையிடம் இலவசம் இல்லை என்பதைக் கணக்குப் பார்த்தே அறியவேண்டும். நான் வாங்கிய பவர் சப்ளையின் ஊதா வயர் அதிகபட்சம் 2.5 அம்பியர் கொடுக்கும். ஐந்தால் பெருக்கினால் 12.5 வாட்ஸ். மாற்றும்போது நூற்றுக்குப் பதினைந்து வெப்பமாகப் போகிறது என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது ஏறத்தாழ 10.6 வாட்ஸ், பன்னிரண்டு வோல்ட்டில் அது 0.9 அம்பியருக்குச் சற்றுக் குறைவு. நானாவின் யந்திரம் உறங்கும்போது எடுத்ததை அளந்து பார்த்தோம். அந்த எல்லையில் கால்பங்கும் வரவில்லை. அதன் பிறகே மொட்யூலை வாங்கினேன். பலகையில் சேர்ப்பதற்கு முன்பே அதன் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, மீட்டர் 12.0 காட்டுமிடத்தில் நிறுத்தி, திருகு அசையாதபடி ஒரு துளி பசை வைத்தேன். உள்ளே வரும் ஊதா வயரில் ஒரு சிறு உருகியும் சேர்த்தேன்.

வயர் வேலையை அவசரப்படாமல் செய்தோம். கட்டையிலிருந்து முள்ளைக் கழற்ற, அதன் இரு பக்கமும் விரிந்து பிடிக்கும் சிறு சிறகுகளை மெல்லிய குழாய்க் கருவியால் அமுக்க வேண்டும். இழுத்துப் பிடுங்கினால் சிறகு ஒடிந்து, பிறகு ஒருநாளும் அது உறுதியாக உட்காராது. வயரை முறுக்கி டேப் சுற்றிவிடுவதும் கூடாது. காரணத்தை இலக்கத்திலேயே சொல்கிறேன். சரியாகச் சேராத ஓர் இணைப்பில் ஓமில் நூறில் ஐந்து பங்கு தடை இருந்தால், அதனூடாக 10 அம்பியர் செல்லும்போது அரை வோல்ட் அங்கேயே தொலையும். 5 வாட்ஸ் வெப்பம் அந்த ஒரு புள்ளியில் பிறக்கும். ஒரு சிறு பிளாஸ்டிக் கட்டையை உருக்க அது போதும். ஆகையால் புதிய முள்களை உரிய இடுக்கியால் நெரித்துப் பொருத்தினோம். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தோம். இருபத்துநான்கு துளைக் கட்டையில் மஞ்சள் வயர் இரண்டே இரண்டு என்பதால், இரண்டையும் சேர்த்தே பிரதான முனைக்குக் கொடுத்தேன். வன்தட்டுக்கு வேண்டிய மின்சாரத்தையும் பலகையின் வழியாக எடுக்காமல், புதிய பவர் சப்ளையிலிருந்து நேராகவே கொடுத்துப் பாரத்தைக் குறைத்தேன்.

இவ்விடத்தில், முன்னர் சொல்வதாகச் சொன்ன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளியே வரும் 12 வோல்ட் வயரைத் தொட்டால் உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் பவர் சப்ளையின் பெட்டிக்குள் நமது 230 வோல்ட் மின்சாரம் நேர்மின்னாக்கப்பட்டு 325 வோல்ட்டாகவும் அதற்கு மேலும் ஒரு பெரிய கொள்ளளவியில் தேங்கி நிற்கிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அது சிறிது நேரம் அங்கேயே காத்திருக்கும். வீட்டில் வயர் வேலை பழகும் இளைஞர்கள் அந்தப் பெட்டியின் திருகைத் தொடவேண்டாம் என்று கூடப்பிறந்தவனாகக் கேட்டுக்கொள்கிறேன். இணைப்பை மாற்றுவது வேறு. உள்ளே புகுவது வேறு.

மூன்றாவது ஞாயிறு பலகையில் கொளுவாமல், வெறும் வயரை முதலில் சோதித்தேன். ஆறு துளைகளிலும் மீட்டரை வைத்து, பில்லின் பின்புறத்தில் எழுதியதோடு ஒன்றுக்கு இருமுறை ஒப்பிட்டேன். பிறகு கொளுவினேன். முன்பக்க விளக்கு இம்முறை மினுங்கவில்லை, நிலையாக நின்றது. பொத்தானை அழுத்தியதும் மின்விசிறி ஒரு மூச்சு எடுத்துச் சுழன்றது. மீட்டரில் பிரதான மின்னழுத்தம் 12.11, ஒரு மணித்தியாலம் கடும் வேலை கொடுத்த பிறகும் 11.96. நியமம் அனுமதிப்பது 11.40 முதல் 12.60 வரை. இணைப்புகளை விரலால் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடுகூட இல்லை. உடனே டீச்சருக்கு அழைப்பு எடுத்தேன். அவர் வந்து, கதிரையில் அமராமலே, தம் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். எல்லாம் இருந்தன.

ஒரு வேலை மிச்சமிருந்தது. நான் செய்த இந்த வயர் எந்தக் கடையிலும் இல்லாதது. எந்த நியமத்திலும் இல்லாதது. நாளைக்கு இந்தப் பெட்டியை இன்னொருவர் திறக்கும்போது, இருபத்துநான்கு துளைக் கட்டையைப் பார்த்து இது சாதாரண யந்திரம் என்று நம்பிவிட்டால், அந்த நம்பிக்கைக்கு நானே துரோகம் செய்தவனாவேன். நியமத்தை விலகி ஒன்றைச் செய்தவன், அதை எழுதியும் வைக்கக் கடமைப்பட்டவன். ஒரு வெள்ளைத் தாளில் ஆறு துளைகளையும் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் நேரே அதன் வேலையையும் மின்னழுத்தத்தையும், மொட்யூல் எங்கே இருக்கிறது என்பதையும், உருகியின் அளவையும், திகதியையும் எழுதி, மூடியின் உட்புறத்தில் ஒட்டுவதற்காகப் பசையை எடுத்தேன்.

"கொஞ்சம் பொறும், தம்பி" என்று டீச்சர் தாளை வாங்கினார். வினாத்தாள் திருத்தும் அதே நிதானத்தோடு மேலிருந்து கீழே வாசித்தார். ஆறாவது துளைக்கு நேரே விரலை வைத்து நின்றார். அங்கே வெறுமனே 12 என்று மட்டும் எழுதியிருந்தேன். "அலகு போடேல்ல. அலகு இல்லாட்டி அது விடை இல்லை" என்றார்.

கைப்பையிலிருந்து தம் சிவப்புப் பேனையை எடுத்து, அந்தப் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் 'வோல்ட்' என்று எழுதிவிட்டு, தாளை என்னிடம் நீட்டினார். அதை அப்படியே ஒட்டி, மூடியைப் பூட்டினேன்.